கன்னம் படிந்த கட்டை

“மாத்திடும்மா. ஒட்டுப்போட்டதை நம்பி நாளைக்குப் போட்டியில நிக்காதே” என்றார் துப்பாக்கி பழுதுபார்ப்பவர்.

மேசைமேல் கிடந்த போட்டித் துப்பாக்கியை அந்தப் பெண் அடிபட்ட குழந்தையைப்போலத் தடவிக்கொண்டிருந்தாள். தோளில் பதிகிற மரக்கட்டையில், கைப்பிடிக்குச் சற்று மேலே, கோணலாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. கூட வந்த மாமா தலை நிமிரவே இல்லை. பார்க்காமல் கார் கதவை அதன்மேல் சாத்தியவர் அவர்தான்.

“புதுசே போட்டுடுங்க சார். இவ அம்மாவுக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சிடுவா.”

“மாமா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க!” என்றவள் பழுதுபார்ப்பவரிடம் திரும்பினாள். “புதுக் கட்டை வேணாம் சார். இதுல என் கன்னம் எங்கே உக்காரும்னு கண்ணை மூடினாலும் தெரியும். மாத்தினா குறி எங்கே போகும்னே தெரியாது. அணியில இருக்கறது ஒரே இடம் சார்.”

“நாலு தடவை சுட்டா பழகிடும்.”

சொல்லிவிட்டு அவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து உட்கார்ந்தவர், காரணமே இல்லாமல் மறுபடி எழுந்து ஜன்னலைச் சாத்தினார், பிறகு திறந்தார்.

“விரிசல் ரொம்ப ஆழமா சார்?” என்றாள் அவள்.

“ஆழமோ இல்லையோ, ஒட்டினது பாதியில விட்டுச்சுன்னா பழி என் தலையிலதான் விழும்.”

அலமாரியிலிருந்து ஒரு புதுக் கட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அவள் அதில் கன்னத்தைச் சாய்த்துப் பார்த்தாள். எடுத்தாள். மறுபடி சாய்த்தாள். கண் கலங்கிவிட்டது.

“நல்லாத்தானே இருக்கு?” என்றார் மாமா.

“உங்களுக்கு நல்லாத்தான் இருக்கும். நீங்களா சுடப் போறீங்க?”

“தொழில் தெரிஞ்சவர் சொல்றாரு, கேளேன்டி!”

அவள் புதுக் கட்டையை மேசைமேல் வைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சரி சார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். மாத்திடுங்க.”

அவர் திருப்புளியை எடுத்தார். ஒரு திருகாணியைக் கழற்றினார். அடுத்ததில் முனையை வைத்தவரின் கை அப்படியே நின்றுவிட்டது. திருப்புளியைக் கீழே வைத்தார்.

“வேணாம். ஒட்டியே தர்றேன்” என்றார்.

“பாதியில விட்டுடும்னீங்களே?” மாமா பதறினார்.

“விடாது. சாயங்காலம் வாங்க.”

அவர்கள் போனதும் கடைக்கதவைச் சாத்திக்கொண்டார். விரிசலை மெல்ல விரித்து, அடிவரை பசையை இறக்கினார். குறுக்கே துளையிட்டு எஃகுக் கம்பியைச் செருகி, பட்டை போட்டு இறுக்கினார். காயும்வரை ஒரு வாய் சாப்பிடவில்லை; கூண்டுப் புலிபோல் அறைக்குள்ளேயே நடந்தார். காய்ந்ததும் கட்டையைத் துப்பாக்கியில் பூட்டி, பின்கட்டில் மணல்மூட்டையை நோக்கிச் சுட்டுப் பார்த்தார். கட்டை அசையவில்லை.

சாயங்காலம் வந்த அந்தப் பெண் துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் கண்ணை மூடினாள். கன்னம் தானாகப் போய் உட்கார்ந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

“தெய்வம் சார் நீங்க!” என்று மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நல்லவேளை, அவள் அம்மாவிடம் திட்டு வாங்கவேண்டியதில்லை.

“போயிட்டு வாங்க” என்றார் அவர், இருவர் முகத்தையும் பார்க்காமலே.

வண்டிச் சத்தம் தேய்ந்தபிறகு, பின்வாசல் வழியாக அவருடைய மகள் வந்தாள். தோளில் நீளமான துப்பாக்கிப் பை.

“அவ துப்பாக்கி சரியாயிடுச்சாப்பா?”

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அவ இங்கே வந்தது உனக்கு எப்படித் தெரியும்?”

“நான்தானே அனுப்பினேன்! எங்க அப்பா கடைன்னு மட்டும் சொல்லல.”

“நாளைக்கு அந்த ஒரே இடத்துக்கு உன்னை எதிர்த்துச் சுடப் போறவ அவ. தெரிஞ்சேவா அனுப்பினே?” அவர் குரல் இறங்கியது. “ஒட்டிக் கொடுத்துட்டேம்மா.”

“அப்பாடா!” அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். “எனக்காக எங்கே புதுக் கட்டையை மாட்டி அனுப்பிடுவீங்களோன்னு காலையிலேர்ந்து பயந்துக்கிட்டே இருந்தேன்ப்பா.”