அண்ணாச்சி வித்த ஜாக்ரபி

"அப்பா, அந்த காலேஜுல ஜாக்ரபிதான் காலியா கெடக்காம். பி.காம்ல ஒரே ஒரு சீட்டுதான் இருக்காம். எழில் ரேங்க்குல எனக்கு முன்னாடி!"

மவ சுஜா சொன்னத கேட்டதும் வேதமாணிக்கம் அண்ணாச்சி கைல இருந்த முறுக்கு பாக்கெட்டு பொத்துனு கீய வுயிந்திச்சு.

திருவொத்தியூருல மளிகைக் கட அவருக்கு. பொண்ணு பி.காம் படிச்சி கடைய சூப்பர் மார்க்கெட்டா ஆக்கணும்னு கனா கண்டுகினு கீறாரு. நடுவுல இந்த எழில்மொழி! எதுத்த வூட்டு டிரெய்லர் டிரைவர் துரையோட பொண்ணு. சுஜாவுக்கு உசுரு தோஸ்து வேற.

அண்ணாச்சி மூள ஷேர் ஆட்டோ மாதிரி சந்து பொந்தெல்லாம் பூந்து ஓட ஆரமிச்சிச்சு.

சாயங்காலம் துரை பால் வாங்க வந்தாரு. கூடவே எழிலும்.

"வாரும் துரை! மவள என்ன படிக்க வைக்கப் போறீரு?"

"பி.காமு அண்ணாச்சி. பேங்க்கு வேல. வேற பேச்சே கெடையாது."

அண்ணாச்சி ஒரு 'உச்சு' கொட்டுனாரு பாரு, சாவு வூட்டுல கூட ஆரும் அப்டி கொட்ட மாட்டாங்க.

துரைக்கு பக்குனு ஆயிச்சு. "இன்னா அண்ணாச்சி? இன்னா மேட்டரு?"

"ஒண்ணுமில்லவே. அறிவான புள்ள. போயும் போயும் பி.காமா? பேங்க்குல இப்ப மனுசன் எங்கவே இருக்கான்? ரூவா குடுக்கதும் மிசினு, வாங்குததும் மிசினு. இனி வாசல்ல தொப்பி போட்டு நிக்கதும் மிசினுதாம்வே!"

இந்த துரை கீறாரே, பெத்தவங்க சொன்னாலும் கேக்க மாட்டாரு, பொண்டாட்டி சொன்னாலும் கேக்க மாட்டாரு. டிராபிக் போலீசு சொன்னா கூட ரோசன பண்ணிதான் கேப்பாரு. ஆனா அண்ணாச்சி ஒண்ணு சொல்ட்டாருன்னா முடிஞ்சிது கத. வூட்டுல மிக்சி அண்ணாச்சி சொன்னது. போனு அண்ணாச்சி சொன்னது. மூட்டு வலி தைலம் கூட அண்ணாச்சி சொன்னதுதான்.

"அப்போ இன்னாதான் அண்ணாச்சி படிக்க வெக்கிறது?"

"ஜாக்ரபி!"

"அதுல இன்னா கீது? மேப்புல ஆறு போட்டு நீலக் கலரு அடிக்கணும், அதான?"

"என்னவே இப்படி கேட்டுட்டீரு? புயல் வருது, கடலுக்குப் போவாதீங்கன்னு டிவில ஒருத்தன் சொல்லுதாம்லா, அவன் யாரு? ஜாக்ரபி! எண்ணூர்ல கடலு ரோட்டு மேல ஏறி வருதே, ஏன்னு யாருக்குவே தெரியும்? ஜாக்ரபி! நீரு வண்டி ஓட்டும்போது போன்ல ஒரு பொம்பள 'லெஃப்ட்டுல திரும்பு'ன்னு சொல்லுதால்லா..."

துரை கண்ணு ரெண்டும் கோலி குண்டு ஆயிச்சு. "அந்தம்மாவும் ஜாக்ரபியா?"

"பின்ன?"

"அடப்பாவி! அத நா இத்தினி நாளா திட்டிகினு ஓட்றேனே அண்ணாச்சி!"

பின்னாடி எழில் துப்பட்டாவால வாய பொத்திகினு தோளு குலுங்க நின்னுகினு இருந்தா. பி.காம் போச்சேன்னு புள்ள அழுவுதுன்னு அண்ணாச்சிக்கு மனசு லைட்டா குத்திச்சு. லைட்டாதான். ஒரு கடல மிட்டாய எடுத்து அவ கைல திணிச்சி சரி பண்ணிகினாரு.

அப்பறம் டெய்லி இதே வேலதான். துரை சோப்பு வாங்க வந்தா ஜாக்ரபி, பீடி வாங்க வந்தா ஜாக்ரபி. கடசீல துரையே டீக்கடைல நின்னுகினு, "இன்னா மாமு, பையன பேங்க்குக்கா அனுப்பப் போற? மிசினு தூக்கிடும் மாமு! ஜாக்ரபில போடு!"ன்னு அட்வைசு பண்ண ஆரமிச்சிட்டாரு.

கவுன்சிலிங் நாளு வந்திச்சு. காலேஜு ஹாலு ஃபுல்லா அப்பனும் ஆத்தாளும் புள்ளைங்களும்.

மொதல்ல எழில்மொழிய கூப்டாங்க. மேஜைக்கு அந்தாண்ட குந்தினு இருந்த மேடம், "என்ன பாடம்மா வேணும்?"னு கேட்டாங்க.

எழில் வாயத் தொறக்கறதுக்குள்ள துரை மேஜ மேல கைய ஊனிகினாரு. "ஜாக்ரபி மேடம்! நல்லா கொட்ட எழுத்துல எய்திக்கோங்க!"

அண்ணாச்சி கண்ண மூடிகினு, "ஸ்தோத்திரம் ஆண்டவரே"ன்னாரு.

அடுத்தது சுஜா. பி.காம். சீட்டு கெடச்சிச்சு. அண்ணாச்சி தர மேல நடக்கல, மெதந்துகினு வந்தாரு.

பின்னால இருந்து ஒரு பையன் கொரலு வந்திச்சு. "பி.காம் மேடம்."

"சரி, கையெழுத்து போடு."

அண்ணாச்சி டக்குனு நின்னாரு.

அடுத்து ஒரு பொண்ணு. "பி.காம்."

"சரிம்மா, போடு."

அதுக்கு அடுத்த பையனும் பி.காம். அவனுக்கும் கெடச்சிச்சு. அண்ணாச்சி மொகம் ஊசி குத்துன பலூனு மாதிரி சுருங்கிகினே வந்திச்சு.

"ஏ சுஜா! ஒரு சீட்டுதான்னு சொன்னியே? இங்க அள்ளி அள்ளி குடுக்காவளே!"

ஹாலு வாசல்ல எழில் அப்பன கட்டிப் புடிச்சிகினு குதியாட்டம் போட்டுகினு கெடக்கா. துரையும் கூட சேந்து குதிக்கிறாரு.

சுஜா அங்க கைய காட்டுனா. "ஒம்பதாவது படிக்கும்போதே அவளுக்கு ஜாக்ரபின்னா பைத்தியம்ப்பா. அழுது கூட பாத்துட்டா, அவங்கப்பா விடல. நீங்க சொன்னாதானே அந்த மாமா கேப்பாரு?"

"அத எங்கிட்ட நேரடியா சொல்லியிருக்கலாம்லா? எதுக்குட்டி இந்த ஒரு சீட்டு கத?"

சுஜா அவர் கைய புடிச்சிகினு சிரிச்சா.

"நேரடியா சொல்லியிருந்தா, 'அதுல நமக்கு என்ன லாபம்'னு கேட்டிருப்பீங்களேப்பா!"