மூன்றாக இழுபடும் செல்

நுண்ணோக்கி அறையின் இருட்டில் கணினித் திரை மட்டும் பச்சையாக ஒளிர்கிறது. அதில் ஒரு புற்றுநோய்ச் செல் பிரியத் தொடங்கியிருக்கிறது. நல்ல செல்லில் சென்ட்ரோசோம்கள் என்ற இரண்டு சிறு புள்ளிகள் ஆளுக்கொரு பக்கம் நின்று குரோமோசோம்களைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். இங்கே மூன்று நின்று இழுக்கின்றன. சென்ட்ரோசோம் புரதத்தில் பாஸ்பேட் அளவுக்கு மீறி ஒட்டுவதால் வரும் வினை இது என்று கண்டுபிடிக்க நுண்ணோக்கி முன் உட்கார்ந்திருக்கும் ஆய்வாளப் பெண்ணுக்கு நான்கு வருடம் பிடித்தது. அதைத் தன்னுடையதாக்கி விருந்தாளிகளுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார் துறைத்தலைவர். இந்த அறைக்குள் அவர் கால் வைப்பதே இன்றுதான். அவர் பூசிவந்த சென்ட் மூக்கைத் துளைக்கிறது. "இதோ, இதுதாங்க சென்ட்ரோசோம். இதைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு இருக்கே!" மோதிரம் போட்ட விரல் தொட்டு நிற்பது திரையில் ஒட்டியிருக்கும் தூசியை. பெயருக்கு முன்னால் மூன்று பட்டம், கண்ணுக்கு முன்னால் இருப்பது தெரியவில்லை என்று அவள் உதட்டைச் சுழிக்கிறாள். "கொஞ்சம் நகர்த்திக் காட்டும்மா" என்கிறார் அவர், விரலை எடுக்காமல். "தாராளமா சார்" என்று அவள் நுண்ணோக்கியின் குமிழைத் திருகுகிறாள். மூன்று சென்ட்ரோசோம்களோடும் செல் மெல்ல நகர்ந்து திரையை விட்டே போய்விடுகிறது. விருந்தாளிகளில் ஒருவர் குனிந்து பார்த்து, "சார், உங்க சென்ட்ரோசோம் மட்டும் நகர மாட்டேங்குதே?" என்கிறார்.