மாதுளை நிற கட்ஷூ

குப்பை வண்டி வர இன்னும் கால்மணி நேரம் இருந்தது. அவள் கறுப்புப் பையின் வாயை விரித்துப் பிடித்தபடி செருப்பு ஸ்டாண்டின் முன்னால் நின்றாள்.

மேல் தட்டில் இருந்தது அந்த கட்ஷூ. மாதுளை நிறம், கூர்மூக்கு, தரையோடு தரையாகத் தட்டையான அடி. பார்த்தால் பஞ்சு மாதிரி இருக்கும். போட்டால் நாய் மாதிரி கடிக்கும்.

வாங்கி நான்கு மாதம் ஆகிறது. இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்து, ஆறி, மறுபடி உரிந்து, அந்த இடத்துக்கே அலுத்துப்போய்விட்டது.

ஆனால் அழகு என்றால் அப்படி ஓர் அழகு! அவள் கண் மருத்துவமனை வரவேற்பறையில் வேலை பார்க்கிறாள். சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, எதிரில் நிற்பது மகனா தூணா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள்கூட, இந்த ஷூ மட்டும் நன்றாகத் தெரிகிறதே, எங்கே வாங்கினாய் என்று கேட்டார்.

அப்படிப்பட்டதை யாராவது தூக்கிப் போடுவார்களா?

போடச் சொன்னார் கணவர். ஒன்பது நாளைக்கு முன்பு, அவள் நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்த சாயங்காலம், தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கி ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"ஒண்ணு காலை வெச்சுக்கோ, இல்ல ஷூவை வெச்சுக்கோ."

அவளுக்குச் சுருக்கென்றது. நாள் முழுக்க உட்கார்ந்த இடத்திலேயே திரைச்சீலை தைக்கிற மனுஷனுக்கு, நடக்கிறவள் பாடு என்ன தெரியும் என்று கேட்டுவிட்டாள். அதோடு விட்டிருக்கலாம். பொம்பளைக் கால் மாதிரி ஒரு காலை வைத்துக்கொண்டு பேச்சைப் பார் என்று அதையும் சேர்த்துக்கொண்டாள்.

கணவருக்குப் பாதம் சிறியது. அவளுடையதைவிட ஒரு விரற்கடை கூட இருந்தால் அதிகம். கல்யாணமான புதிதில் அவளுடைய அண்ணன்மார் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். பதினெட்டு வருஷமாக அதைச் சொல்லாதவள் அவள் ஒருத்திதான்.

அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது. சாப்பாடு மேஜைக்கு வந்தது, தட்டு கழுவப்பட்டது, விளக்கு அணைந்தது. பூட்டுச் சாவி எங்கே என்பதைக்கூடச் சீட்டில் எழுதி வைத்தார்கள்.

அவளும் விடுவதாக இல்லை. ஷூவை மேல் தட்டில் ஏற்றிவிட்டு, ரப்பர் செருப்போடு வேலைக்குப் போய்வந்தாள். போட்டுக்கொண்டால் கால் போகும். தூக்கி எறிந்தால் மானம் போகும். இருக்கட்டும் என்று இருந்தாள்.

குதிகால் ஆறிவிட்டது. மருத்துவமனையில் குழந்தைகளுக்கு ஒட்டுகிற, முயல் படம் போட்ட பிளாஸ்திரி டப்பா ஒன்றை அலமாரியில் வைத்திருந்தாள். அது மட்டும் எப்படியோ குறைந்துகொண்டே வந்தது. எலி தின்கிறதோ என்னவோ என்று விட்டுவிட்டாள்.

ஆனால் ஒன்பது நாள் ரொம்ப அதிகம். நேற்று வேலையில் ஒரு டாக்டர் தன் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அதையே தேடினார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்ல ஆள் இல்லை. ஆள் அங்கேதான் இருந்தார், சொல்லத்தான் முடியவில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அதனால்தான் இந்தக் கறுப்புப் பை. ஷூ அதற்குள் போகும், பை வாசலுக்குப் போகும், அவர் பார்ப்பார், பேச்சு தொடங்கும். தோற்றது தோற்றதாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

எறிவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை போட்டுப் பார்க்கத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு வலது காலை நுழைத்தாள்.

கடிக்கவில்லை.

நாலு எட்டு நடந்தாள். கடிக்கவே இல்லை.

இடது காலைப் போட்டாள். அம்மாடி! பழைய கடி, ஒரு பல்லும் குறையவில்லை.

கால் இளைத்துவிட்டதோ? இளைத்தாலும் ஒரு கால் மட்டுமா இளைக்கும்? வலது ஷூவைக் கழற்றி உள்ளே பார்த்தாள். அடியில் பச்சை நூல் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

முன்னறையில் ஒரு வாரமாகப் பச்சைத் துணிதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏதோ பள்ளிக்கூடத்துக்கு நாற்பது ஜன்னல்.

ஒரு காலில் ஷூவும் ஒரு கையில் ஷூவுமாக முன்னறைக்குப் போனாள். மெஷின் கடகடத்துக்கொண்டிருந்தது. கணவர் திரும்பவில்லை.

அவள் மேஜைக்கு அடியில் பார்த்தாள். மோட்டார் வைத்த மெஷின், ஒரு காலால் மிதித்தால் போதும். இடது கால் சும்மா மடங்கிக் கிடந்தது. மிதித்துக்கொண்டிருந்த வலது காலின் குதியில், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முயல்கள் ஒட்டியிருந்தன.

வெளியே குப்பை வண்டியின் மணி கேட்டது.

அன்றைக்குச் சொன்னது தப்பு, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, இடது காலு இன்னும் கடிக்குது."

மெஷின் நின்றது.

கணவர் நிமிரவில்லை. தெருவில் வண்டி மணியடித்துக்கொண்டே தள்ளிப் போயிற்று.

பிறகு அவர் குனிந்து, பெடலை எடுத்து இடது பக்கம் வைத்துவிட்டு, ஷூவுக்காகக் கையை நீட்டினார்.