கழலாத நட்டு

ஏகாம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பானரை மறுபடியும் திருகினார். முகம் சிவந்ததுதான் மிச்சம், நட்டு இம்மியும் அசையவில்லை.

நிழலில் நின்றிருந்த மேட்ரன் ஜீவரத்தினத்துக்கு மனசு கேட்கவில்லை. தன் பிழைப்பில் மண்ணைப் போட வந்த மெஷினை ரிப்பேர் செய்ய ஒரு மனுஷன் இப்படியா உயிரைக் கொடுப்பான்!

சித்தூருக்கு வெளியே இருந்த அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாகப் புல் அறுப்பவர் ஏகாம்பரம். தினக்கூலி. வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள்.

போன மாதம் தாய்நாடு திரும்பிய வெள்ளைக்கார டாக்டர், தோளில் மாட்டி ஓட்டும் புல்வெட்டு மெஷின் ஒன்றை விட்டுவிட்டுப் போனார். எண்பத்திரண்டில் அந்த ஜில்லாவில் யாரும் அப்படியொன்றைப் பார்த்ததில்லை. கத்தி கிடையாது. அடியில் வட்டமாக ஒரு தலை, அதில் நைலான் நரம்பு. கிர்ரென்று சுற்றினால் அரை ஏக்கர் புல்லும் அரை மணியில் காலி.

பழைய தலை உடைந்திருந்தது, புதுத் தலை தயாராக இருந்தது. நடுவில் இருந்த நட்டுதான் கழலமாட்டேன் என்றது. அது கழன்று மெஷின் ஓடிவிட்டால் ஏகாம்பரத்தின் கூலி அன்றோடு நிற்கும். அது அவருக்கும் தெரியும்.

ஜெனரேட்டர் பார்க்கும் சிட்டிபாபு மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தான், சுத்தியலால் தட்டிப் பார்த்தான். "ராதும்மா, இது ராது" என்று தெலுங்கில் கையை விரித்தான்.

பிறகு ஏகாம்பரத்தைப் பார்த்தான். "ஏழு வருஷம் சைக்கிள் ஷாப்புல பெடல் மாட்டின கைண்ணா உன்னுது. உன்னாலயே முடியலேன்னா என்னால எங்க ஆவும்?"

"நீ நவுருப்பா. ஆஸ்பத்திரிப் பொருளு, வீணாப் போவக்கூடாது" என்று ஏகாம்பரம் ஸ்பானரைப் பிடுங்கி, முழு உடம்பையும் போட்டு இன்னொரு அழுத்து அழுத்தினார்.

ஜீவரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "போதும், உடு ஏகாம்பரம். காலையிலேந்து ஒண்ணும் துன்னாம கஷ்டப்பட்டுக்கினு இருக்கே. நாயுடுபேட்டை ஸ்கூல்காரங்க கேட்டுக்கினு இருக்காங்க, அவங்களே எடுத்துக்கினு போவட்டும்."

"சரிம்மா. நமக்குக் குடுத்து வெக்கல" என்று ஏகாம்பரம் ரொம்ப வருத்தமாக முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சிட்டிபாபு மெஷினை அது வந்த மரப்பெட்டிக்குள் வைத்து, ஆணி அடிக்க மூடியைப் பொருத்தினான்.

"எனக்குத்தான் மனசு ஆறல" என்றாள் ஜீவரத்தினம். "மெஷின் ஓட்டுறதுக்கு வெளியூர் ஆளு ஒருத்தரை பர்மனென்ட்டா போடச் சொல்லிக் கமிட்டி எழுதியிருந்தாங்க. மாசச் சம்பளம், குவார்ட்டர்ஸ் எல்லாம் உண்டு. நீ பட்ட பாட்டைப் பாத்து, அந்த வேலையை உனக்கே போட்டுடலாம்னு இப்பத்தான் முடிவு பண்ணேன். மெஷினே போனப்புறம் வேலை ஏது?"

சிட்டிபாபு ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கினான். ஏகாம்பரம் ஒரே தாவாகத் தாவிப் பெட்டியின் மேல் விழுந்தார்.

"அடிக்காதே, அடிக்காதே! சைக்கிளோட எடது பெடல் மாதிரி, இது எதிர்ப்பக்கம் சுத்தினாத்தான் கழலும்!"