ஜெனரேட்டருக்கு ஓர் இடம்

பொன்முடியில் ஒரு தேயிலை எஸ்டேட். மலைச்சரிவில் அங்கொன்றும் இங்கொன்றுமாய்க் கிடந்த ஐந்து லயங்களுக்கும், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கும், கரண்ட் கொடுக்க வரைபடத்தோடு வந்திருந்தார் என்ஜினீயர் மஹேஷ். கேபிள் போகும் வழிக்கு எல்லோரும் தலையாட்டினார்கள். இரவு முழுவதும் ஓடப்போகிற ஜெனரேட்டரை எங்கே வைப்பது என்றதும் ஆளாளுக்கு அடுத்த லயத்தைக் கைகாட்டினார்கள்.

"எங்க லயத்துல கைக்குழந்தை இருக்கு சாரே!"

"எங்க பிள்ளைகளுக்குப் பரீட்சை வருது!"

மூன்று கூட்டம் போட்டும் முடிவில்லை. அந்த மாதத்துக்குள் இடம் அமையாவிட்டால் திட்டமே ரத்து. நான்காவது கூட்டத்தில், கடைசி லயத்துப் பேச்சி எழுந்தாள்.

"எங்க வீட்டுச் செவரை ஒட்டியே வையுங்க சாரே."

மஹேஷுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. ஊருக்காகத் தன் உறக்கத்தையே விட்டுக்கொடுக்கிறாளே! அவளைத் தனியே அழைத்தார்.

"நல்லா ஆலோசிச்சீங்களாக்கா? சத்தம் காதைக் கிழிக்கும். உங்க வீட்டுக்காரர் சொரிமுத்து அண்ணன் சம்மதிப்பாரா?"

"அவருக்காகத்தான் சாரே கேக்கேன். முப்பது வருசமா ஃபேக்டரி மெஷின் சத்தத்துலயே உறங்கிப் பழகிட்டாரு. ரிட்டயர் ஆனதிலேருந்து கண்ணே மூடமாட்டேங்காரு. விடிய விடிய வர்த்தமானம் பேசி என்னையும் உறங்க விடுறதில்ல."

மஹேஷுக்கு மெல்ல ஒரு சந்தேகம் எழுந்தது.

"ஃபேக்டரியில அண்ணனுக்கு என்ன ஜோலி?"

"நைட் வாச்சர்" என்றாள் பேச்சி, பெருமையாக.