பழைய பைத்தான்

அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி அழுதுகொண்டிருந்தாள். நேர்முகத் தேர்வுக்குப் போட்டுக்கொண்டு போன உடுப்பைக்கூட மாற்றவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து, பரண்மேல் கிடந்த பழைய சாப்பாட்டு டப்பா ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"புரோகிராம் ஓடலைங்க. அத்தனை பேர் முன்னாடி லேப்டாப்பைத் திறந்தா, பழைய பைத்தானைக் காணோம்னு வருது."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

காலையில் அவள் குளிக்கப் போயிருந்தாள். அவளுடைய லினக்ஸ் லேப்டாப் மேஜைமேல் திறந்தே இருந்தது. பைத்தான் என்கிற கணினி மொழி அதில் இரண்டு பதிப்பாக இருந்தது, புதியது ஒன்று, பழையது ஒன்று. அவள் புரோகிராம் பழையதில்தான் ஓடும். புதியது அதை ஏறெடுத்தும் பார்க்காது. அவனுக்கும் அதே தொழில்தான், இதெல்லாம் அத்துப்படி.

பழையதை அழிக்கச் சொல்லி ஒரு கட்டளை அடித்தான். கணினி பாஸ்வேர்டு கேட்டது; அது இல்லாமல் எதையும் அழிக்க விடாது. என்றோ அவள் காதோடு சொல்லியிருந்ததை அடித்தான். வேலை முடிந்தது. அப்புறம் ஒன்றும் தெரியாதவன்போல வாசல்வரை வந்து, "நல்லாப் பண்ணும்மா" என்று கையசைத்தானே, அந்தக் கையை என்ன செய்வது?

இவள் வேலைக்குப் போனால், சாயங்காலம் பாப்பாவைப் பள்ளியிலிருந்து அழைத்துவர அவன்தான் ஆபீஸிலிருந்து பாதியில் கிளம்ப வேண்டும். பதவி உயர்வு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதா? பாப்பா பிறந்ததிலிருந்து வீட்டோடு இருப்பவள், இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் குடியா முழுகிவிடும் என்று நினைத்தான், பாவி.

இப்போது அந்தக் குலுங்கும் முதுகைப் பார்க்கச் சகிக்கவில்லை. தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. 'நான்தான்' என்று சொல்ல வாயெடுத்தான்; வந்தது வேறு.

"விடும்மா. இந்த வேலை போனா இன்னொண்ணு. உன் திறமைக்கு..."

"வேலை போச்சுன்னு யாருங்க சொன்னா?"

அவள் குழாயைத் திறந்து டப்பாவைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"அங்கேயே உட்கார்ந்து பழசை மறுபடி இறக்கினேன். புதுசைத் தொடாம, பக்கத்துலயே வெச்சு ஓட்டிக் காட்டினேன். பதறாம செஞ்சதைப் பார்த்துத்தான் எடுத்தாங்க. திங்கக்கிழமையே வரச் சொல்லிட்டாங்க."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. டப்பா எதற்கென்று இப்போதுதான் புரிந்தது. நல்லவேளை, அவசரப்பட்டு வாயைத் திறக்கவில்லை.

"அடி சக்கை! அப்புறம் எதுக்கும்மா இந்த அழுகை?" என்று சிரித்தான்.

அவள் குழாயை மூடிவிட்டு அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"என் பாஸ்வேர்டு உங்க ஒருத்தருக்குத்தானே தெரியும்."