மஞ்சள் நகம்

கம்பெனியில் இறால் உரித்து உரித்து ஜெசிந்தாவின் கட்டைவிரல் நகத்தில் பூஞ்சை ஏறியிருந்தது. எலும்பு மஜ்ஜை மாற்றிய பிறகு அவள் மகள் பெனிட்டாவைக் கண்ணாடி அறையில் வைத்திருந்தார்கள். சின்னக் கிருமி உள்ளே போனாலும் பிள்ளை தாங்காது. அதனால் அந்த அறைக் கதவு, வருகிறவர்கள் விரலை வைத்ததும் நகத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் திறக்கும். பெற்றவளுக்குச் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

இப்போது வருகிற பூஞ்சைக்கு எந்த மாத்திரையும் கேட்பதில்லை. நகத்தையே பிடுங்கச் சொன்னாள், பிடுங்கினார்கள். புது நகமும் மஞ்சளாகவே முளைத்தது.

"யம்மா, உள்ள வந்து எங்கூடப் படுத்துக்கோயேன்," என்று கண்ணாடிக்குள்ளிருந்து பெனிட்டா கெஞ்சுவாள்.

"நகம் சரியாவட்டும் மக்கா."

ஒரு காலையில் ஜெசிந்தா விரலை வைத்ததும் பச்சை எரிந்தது. கதவு திறந்தது.

"சிஸ்டர், நகம் சரியாயிட்டு!"

நர்ஸ் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நகம் அப்படியேதான்க்கா இருக்கு. டாக்டர்தான் உங்களுக்குத் திறந்துவிடச் சொன்னாரு. பாப்பாவுக்கு மருந்தையெல்லாம் நிறுத்தியாச்சு. இனிமே கிருமி உள்ள போனாலும் ஒண்ணுதான், போகாட்டாலும் ஒண்ணுதான்."

அந்தக் கதவு மறுபடியும் மூடிக்கொள்ளாதா என்று ஜெசிந்தா வெளியிலேயே நின்றாள்.